பாய் விரிக்கும் இடம் போதும்

வீட்டில் உடற்பயிற்சி செய்ய இடமில்லை என்று யாராவது சொன்னால், ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க ஆறடி நீளம், மூன்றடி அகலம் வேண்டும். ஒரு கோரைப்பாயின் அளவு. அந்த அளவு தரைகூட இல்லாத வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. பகலில் அங்கே டீப்பாயோ, மடிக்காத துணிக்குவியலோ, பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளோ இருக்கும். நகர்த்தினால் நகரும். ஆகவே இடத்தைப் பற்றிய பேச்சை இத்தோடு விட்டுவிட்டு டீயை எடுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டியது வேறு இருக்கிறது.

"ஜிம்மில் இரும்பு இருக்கிறது. என் வீட்டில் என்ன இருக்கிறது?" இது நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

தசைக்குக் கண் இல்லை. பிடித்திருப்பது விலை உயர்ந்த டம்பெல்லா, பழைய புத்தகம் அடைத்த ஸ்கூல் பையா, நம் உடம்பேதானா என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது, இனி முடியாது என்கிற எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போனோம் என்பது மட்டும்தான் அதற்கு எட்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸ் குழுவினர் இதைச் சோதித்து 2016ல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே எடைப் பயிற்சி செய்துகொண்டிருந்த 49 இளைஞர்கள். ஒரு தரப்பு கன எடையை 8 முதல் 12 தடவை தூக்கியது. மறு தரப்பு லேசான எடையை 20 முதல் 25 தடவை. இரு தரப்புக்கும் நிபந்தனை ஒன்றுதான்: இனி ஒரு தடவைகூட முடியாது என்கிற வரை போக வேண்டும். 12 வாரம் கழித்து அளந்தால் இரண்டு பக்கமும் தசை ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தது. மல்லாந்து படுத்துத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில், ஒரே மூச்சில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்பதில் மட்டும் கன எடைக்காரர்கள் முந்தினார்கள். போட்டிக்குப் போகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. நமக்கு முக்கியம் அந்த நிபந்தனை.

வீட்டில் செய்து பார்த்தேன், ஒரு பலனும் இல்லை என்று விட்டுவிட்ட பலர் கோட்டை விடுவது இங்கேதான். 40 பஸ்கி போட முடிந்தவர் தினமும் 20 போட்டு நிறுத்திக்கொள்கிறார். வியர்க்கிறது, மனசுக்கும் திருப்தி. தசைக்கு அது ஒரு வேலையாகவே படாது. அதற்காக விழுந்து புரளும்வரை போகத் தேவையில்லை. இன்னும் இரண்டோ மூன்றோ முடியும், அதற்கு மேல் முடியாது என்கிற இடத்தில் நிறுத்தினால் சரி. அந்த இடம் வந்துவிட்டதை உடம்பே காட்டும். நீங்கள் முன்போலவே வேகமாக எழப் பார்ப்பீர்கள். உடம்பு மட்டும் தானாக மெதுவாகும்.

இன்னொரு சிக்கல், இந்த மாதம் கஷ்டமாக இருந்தது அடுத்த மாதம் சுலபமாகிவிடும். அப்போது கஷ்டத்தைக் கூட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் இருந்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், முழங்கால் அடிபட்ட சிப்பாய்களுக்கு, அன்றைய வழக்கத்துக்கு மாறாகக் கனமான எடையைக் கொடுத்தார். கால் தேறத் தேற எடையைக் கூட்டிக்கொண்டே போனார். 1945ல் அதை எழுதி வெளியிட்டார். இன்றைக்கு ஜிம்களில் நடப்பதெல்லாம் அந்த ஏற்பாடுதான். அங்கே கூட்டுவதற்கு இரும்புத் தட்டு இருக்கிறது. வீட்டில் தட்டு இல்லை, கோணம் இருக்கிறது.

தண்டாலையே எடுத்துக்கொள்வோம். தரையில் கை ஊன்றித் தண்டால் எடுத்தால் உடம்பு எடையில் சுமார் 64 சதவீதம் கைகளுக்கு வருகிறது என்று அளந்திருக்கிறார்கள். 70 கிலோ ஆளுக்கு அது 45 கிலோ. முழங்காலை ஊன்றிக்கொண்டால் 49 சதவீதம், அதாவது 34 கிலோ. கால் தரையில் இருக்கக் கைகளை மட்டும் இரண்டடி உயரத்தில் வைத்தால் 41 சதவீதம், 29 கிலோ. தலைகீழாகக் கால்களை இரண்டடி உயரத்தில் வைத்தால் 74 சதவீதம், 52 கிலோ. ஒரே ஆள், ஒரே அசைவு. 29லிருந்து 52 கிலோ வரை ஒரு பைசா செலவில்லாமல் ஏறலாம். நம்பிக்கை வராவிட்டால், எடை பார்க்கும் மெஷின் மேல் இரண்டு கைகளையும் வைத்துத் தண்டால் நிலையில் நின்று முள்ளைப் பாருங்கள்.

ஆரம்பிக்க நல்ல இடம் சமையல் மேடை. அது இடுப்பு உயரம் இருப்பதால் இரண்டடிக் கணக்கைவிட இன்னும் லேசு. கிரானைட் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். வழுக்கினால் மோதுவது முகவாய். கைகளைத் தோள் அகலத்துக்குச் சற்று வெளியே ஊன்றி, குதிகால் முதல் தலை வரை ஒரே கோடாக நின்று, மார்பு விளிம்பைத் தொடும் வரை இறங்க வேண்டும். முழங்கைகள் சிலுவைபோலப் பக்கவாட்டில் விரியக் கூடாது. விலாவுக்குச் சாய்வாகப் பின்னோக்கி வரட்டும். தோள்பட்டை பிழைத்துக்கொள்ளும். இடுப்பு தொங்கினால் அன்றைய எண்ணிக்கை அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஒழுங்காக 15 வந்துவிட்டால் சுவரை ஒட்டிப் போட்ட கட்டிலின் விளிம்புக்கு இறங்குங்கள், அங்கிருந்து மாடிப்படிக்கு, பிறகு தரைக்கு. தரையில் ஒன்றுகூட வராதவருக்கும் வழி உண்டு. மேலிருந்து ஐந்து எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள், முழங்காலை ஊன்றி எழுந்துகொள்ளுங்கள். ஏற்றுவதைவிட இறக்கும்போது தசையால் அதிகச் சுமை தாங்க முடியும். அந்த பலத்தை வைத்தே ஏறும் பலத்தை வளர்க்கலாம்.

தரையும் சுலபமானால் மூன்று எண்ணி இறங்கி, கீழே ஒரு நொடி நின்று எழுங்கள். வேகத்தின் உந்துதல் போய்விட்டால் பழைய 20 சட்டென்று 11 ஆகிவிடும். இந்த மெதுவுக்கு இன்னொரு லாபமும் உண்டு: சத்தமே வராது. மாடி வீட்டில் இருந்துகொண்டு குதித்துக் குதித்துப் பயிற்சி செய்து கீழ்வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் தேடிக்கொள்ள வேண்டியதில்லை. பலத்துக்குக் குதி தேவையே இல்லை.

இப்போது கால். எனக்கு ஒரே ஒரு பயிற்சிதான் அனுமதி என்றால் காலைத்தான் சொல்வேன். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தியிருந்து அரிவாள்மனையில் காய் நறுக்கி, குந்தியே கழிப்பறை போன வீடுகளில் யாரும் தனியாகப் பஸ்கி போடவில்லை. நாற்காலியும் சோபாவும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வந்த பிறகு அந்த வேலை முழுதாக நின்றுபோனது. அந்த வசதிகளை நான் குறை சொல்லவில்லை, முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அவை வரம். ஆனால் போன வேலைக்கு மாற்று எதுவும் வரவில்லை.

உங்கள் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சாதாரண நாற்காலி போதும். கைப்பிடி இல்லாததாக இருக்கட்டும், பின்புறம் சுவரில் முட்டியிருக்கட்டும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்களுக்கு 14க்குக் கீழே, பெண்களுக்கு 12க்குக் கீழே வந்தால், கால் பலம் குறைந்து விழக்கூடிய நிலையை நெருங்குகிறார்கள் என்று முதியோர் மருத்துவத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். நாற்பது வயதுக்காரர் அந்த எண்ணைத் தொடத் திணறினால் யோசிக்க வேண்டியதுதான்.

வயதாகிவிட்டது, இனி என்ன என்பவர்களுக்கு ஒரு தகவல். 1990ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், 86 முதல் 96 வயதுவரையான பத்துப் பேருக்குக் கால் பலப் பயிற்சி கொடுத்தார். லேசாகக் கால் ஆட்டும் பயிற்சி இல்லை, அவர்களால் முடிந்ததில் கனமான எடை. எட்டு வாரம் முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது, தொடைத் தசை 9 சதவீதம் பெருத்திருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாருங்கள். தசை கொஞ்சம்தான் வளர்ந்தது. பலம் பல மடங்கு வந்தது. இருக்கிற தசையை ஒன்றாக வேலைக்குக் கூப்பிட நரம்பு பழகிக்கொள்வதால் வருவது அந்த மிச்சம். முதல் சில வாரங்களில் கண்ணாடியில் ஒன்றும் தெரியாமலே படி ஏறுவது சுலபமாவது இதனால்தான்.

நாற்காலியில் எழுந்து உட்காருவது சுலபமானவர் அதைவிடத் தாழ்ந்த ஸ்டூலுக்குப் போகலாம், பிறகு ஸ்டூலே இல்லாமல் முழுப் பஸ்கி. பஸ்கி 30ஐத் தாண்டினால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது நேர விரயம். சுமையை ஒரு காலுக்கு மாற்றுங்கள். கட்டிலுக்கு முதுகு காட்டி நின்று ஒரு காலின் புறங்காலைக் கட்டில்மேல் வைத்து, முன்காலால் மட்டும் உட்கார்ந்து எழ வேண்டும். தடுமாறினால் ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். நூறு பஸ்கி போடுகிறவரும் இதில் எட்டாவதில் முகம் சுளிப்பதைப் பார்க்கலாம்.

அதுவும் போதாதபோது அரிசி மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், மூட்டை 26 கிலோவாகிவிட்டது. வரியைத் தவிர்க்க ஆலைக்காரர் சேர்த்த ஒரு கிலோ, நமக்குக் கூடுதல் பயிற்சி. மூட்டையைத் தரையிலிருந்து எடுப்பதே தனிப் பாடம். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவுதான்: முழங்கால் லேசாக மடங்க, இடுப்பு பின்னால் போக, முதுகு வளையாமல் நேராகச் சாய வேண்டும். மூட்டை உடம்பை ஒட்டியே மேலே வரட்டும். பொங்கல் விளையாட்டில் இளவட்டக்கல் தூக்குகிறவர் கல்லை முதலில் தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, அப்புறம்தான் தோளுக்குக் கொண்டுபோவார். சுமை எந்த நேரமும் உடம்பைவிட்டு விலகாது. அதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், உருண்டைக் கல்லுக்கு முதுகை வளைப்பதை வேண்டாம்.

வீட்டுப் பயிற்சியில் உண்மையான ஓட்டை ஒன்று இருக்கிறது. தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, எழுவதற்கு நாற்காலி இருக்கிறது, இழுப்பதற்கு ஒன்றுமில்லை. கிணறு இருந்தவரை வீட்டிலேயே இழுவை நடந்தது. வாளி வாளியாக இறைத்தவர்களுக்கு முதுகும் முன்கையும் தனியாகப் பயிற்சி கேட்கவில்லை. இப்போது நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் தோளை முன்னால் வளைத்து உட்கார்ந்திருக்கிறோம். அதன்மேல் தண்டால் மட்டும் எடுத்தால் மார்பு இறுகி, கூன் இன்னும் கூடியதுபோலத் தோன்றும். ஒரு தள்ளலுக்கு ஒரு இழுவையாவது இருக்க வேண்டும்.

செலவில்லாத வழி ஸ்கூல் பை. புத்தகமோ, தண்ணீர் பாட்டில்களோ அடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கணக்கு சுலபம். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புப் பக்கம் இழுத்து, மேலே ஒரு நொடி நிறுத்தி இறக்குங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனும் உதவும், கழுத்தைப் பிடித்துத் தூக்குவது விரல்களுக்கே ஒரு பயிற்சி. ஆனால் உள்ளே தண்ணீர் அலைந்து மணிக்கட்டைத் திருப்பும், பழகிய பிறகு போகலாம். துண்டில் முடிச்சுப் போட்டுக் கதவுக்கு மேலே மாட்டி, பின்னால் சாய்ந்து இழுக்கிற வழியும் உண்டு. அதற்குக் கதவு உங்களுக்கு எதிர்ப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இழுக்க இழுக்கச் சட்டத்தோடு இறுகும். தாழும் போட்டுவிடுங்கள். பாத்ரூமின் பி.வி.சி. கதவில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஜன்னல் கம்பி சிமெண்டில் பதித்ததாக இருந்தால் நம்பலாம். மரச்சட்டத்தில் ஸ்க்ரூவில் நிற்கிற துருப்பிடித்த கம்பியை நம்பக் கூடாது.

காசு செலவழிக்கத் தயார் என்றால் முதல் செலவு ரப்பர் பேண்டுக்குத்தான் போக வேண்டும், இழுவைக்காகவே. சுருட்டினால் மேஜை டிராயரில் அடங்கும். நீள நீள இழுவிசை கூடுவது அதன் குணம். அதனால் கடைசி அரையடிதான் கஷ்டம், அங்கே அவசரப்பட்டு விடக் கூடாது. விரிசல் விட்ட பேண்டை அன்றே தூக்கிப் போடுங்கள், அறுந்தால் நேராக முகத்துக்கு வரும். அடுத்தது எடை மாற்றக்கூடிய டம்பெல் ஒரு ஜோடி. பெஞ்சும் டிரெட்மில்லும் வாங்குவது பாய் விரிக்கிற இடத்தையும் பறிகொடுப்பதுதான். கர்லாக்கட்டை? நம் ஊர்ச் சொத்து, தோளுக்கு அருமையானது, எனக்கும் ஆசைதான். ஆனால் தலைக்குப் பின்னால் சுழல வேண்டிய கட்டை அது. பத்துக்குப் பத்து அறையில் ஃபேனுக்கும் டிவிக்கும் நடுவில் சுழற்றாமல் மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள்.

"நான் ஒல்லிதானே, எனக்கெதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், இங்கிலாந்தின் ஜான் யுட்கினும் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு அளந்தால் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2. பி.எம்.ஐ. இருவரையும் ஒன்றென்றுதான் சொன்னது. அதே எடைக்குள் கொழுப்பு கூடினால் தசைக்கு இடம் குறையும். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் உதவியோடு வாங்கிக்கொள்ளும் இடம் தசை. 2023ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஒல்லியானவருக்குத்தான் இந்தப் பேச்சு கூடுதலாகத் தேவை என்பது என் கட்சி.

எதிர் வீட்டு அக்காவின் கவலை வேறு. "எடை தூக்கினா கை கால் ஆம்பளை மாதிரி தடிச்சிடாதா?" தடிக்காது அக்கா. பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிட மிகக் குறைவு. மேடையில் பார்க்கிற அந்த உடம்புக்குப் பின்னால் வருடக்கணக்கான தனி உழைப்பும் தனிச் சாப்பாடும் இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிற வயதில், சுமை தாங்கும் பயிற்சி அதற்கு எதிராக ஒரு காவல்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஐ.சி.எம்.ஆர். 2020ல் சொன்ன அளவு, கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். சோறு மலையாகவும் சாம்பார் ஓடையாகவும் இருக்கிற தட்டில் அது எளிதில் வராது. முட்டையோ மீனோ தயிரோ சுண்டலோ, எது ஒத்துக்கொள்கிறதோ அதை ஒவ்வொரு வேளையிலும் சேருங்கள். பவுடர் டப்பா வாங்கலாமா என்ற கேள்வியை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள்? வாரத்துக்கு இரண்டு நாளாவது என்று உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது. தள்ளல், இழுவை, உட்கார்ந்து எழுதல், குனிந்து தூக்கல். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செட். அரை மணி போதும். புதிதாகத் தொடங்கினால் மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும். தசை முழுக்கப் பரவிய மந்தமான வலி என்றால் பயமில்லை. மூட்டில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவை நிறுத்துங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியே வரும். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், இதய நோய் உள்ளவர், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர், அண்மையில் ஆபரேஷன் ஆனவர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். செய்ததைக் குறித்து வையுங்கள். தனி நோட்டு வேண்டாம், பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே தேதிக்குப் பக்கத்தில் "கட்டில் 12, பை 10" என்று இரண்டு சொல் போதும். போன வாரம் 12 என்று கண்ணில் பட்டால்தான் இந்த வாரம் 13க்கு முயல்வோம்.

வீட்டுக்கு ஒரு எல்லையும் உண்டு. மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒற்றைக்கால் பஸ்கி 20ஐத் தாண்டுகிறவருக்கு இனி நிஜமாகவே இரும்பு தேவைப்படும். அவர் ஜிம்முக்குப் போகலாம். அந்த நிலைக்கு வரப் பலருக்கு ஒரு வருடத்துக்கு மேலாகும். அதுவரை அரிசி மூட்டையில் ஒரே ஒரு தொல்லை, சமைக்கச் சமைக்கக் குறைந்துகொண்டே போகும். மாதக் கடைசியில் ஆறேழு கிலோவோடு செய்து பழகியவர், புது மூட்டை வந்த அன்று அதே எண்ணிக்கைக்குப் பாய்ந்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அல்லது அரிசியை டிரம்மில் கொட்டிவிட்டு, வேண்டிய அளவை மட்டும் எடை போட்டுப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்டால் வண்டு வராமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளலாம்.